படகின் விலையில் பத்தில் ஒரு பங்குதான் ஆண்டுச் செலவா?

கேள்வி: 12 மே 2024, காலை

உதகையிலிருந்து எழுதுகிறேன். சிறுவயதில் உதகை ஏரியில் துடுப்புப் போட்டதைத் தவிர எனக்குப் படகு அனுபவம் கிடையாது. சென்ற ஆண்டு கொச்சிக் காயலில் உறவினர் ஒருவரின் பாய்மரப் படகில் இரண்டு இரவுகள் தங்கினேன். அன்று முதல் அந்த நினைவு என்னை விடவில்லை. இப்போது இருவர் படுத்துறங்கும் அறையுடன் கூடிய இருபத்துநான்கு அடி ஃபைபர் படகு ஒன்று ஏழு லட்சத்துக்கு விலைக்கு வந்திருக்கிறது. ஆண்டுச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "விலையில் பத்தில் ஒரு பங்கு, எழுபதாயிரம் ஒதுக்கினால் போதும்" என்கிறார் விற்பவர். மலையில் குடியிருந்துகொண்டு கடலோரத்தில் படகு வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால், இது சரிதானா என்று சொல்லுங்கள் ஐயா.

பதில்: 12 மே 2024, இரவு

சரியில்லை. நான் குன்னூரில் இருக்கிறேன். ஏறத்தாழ உங்களுக்கு வந்திருப்பதைப் போன்ற படகைத்தான் 2016இல் கோத்தகிரி நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஆறரை லட்சத்துக்கு வாங்கினேன். பெரியாற்றின் கிளையொன்று காயலில் சேரும் இடத்துக்கு அருகில், ஒரு வீட்டின் பின்புறத்துக் கட்டுத்துறையில் அது நிற்கிறது.

பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு புதுப்படகு வாங்குபவருக்கு ஓரளவு பொருந்தலாம். பழைய படகுக்கு அது பொருந்தாததற்குக் காரணம் எளியது. படகுக்கு வயதாக ஆக விலை இறங்குகிறது, நீளம் இறங்குவதில்லை. கட்டுத்துறை வாடகையும் கிரேன் கூலியும் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயிண்டும் அடிக்கணக்கில் பார்க்கப்படுபவை. முப்பது லட்சத்துக்கு வாங்கிய இருபத்துநான்கு அடிப் படகும் ஆறு லட்சத்துக்கு வாங்கிய இருபத்துநான்கு அடிப் படகும் ஒரே அளவு பெயிண்டைத்தான் குடிக்கும். சொல்லப்போனால் பழையது கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கும்.

என் கணக்கை நினைவிலிருந்து எழுதுகிறேன். கட்டுத்துறைக்கு மாதம் 4,500 வீதம் ஆண்டுக்கு 54,000 ரூபாய். காவல் பார்க்கும் பெரியவருக்கு மாதம் 2,000 வீதம் 24,000. ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து மறுபடி இறக்குவதற்கு 48,000. இதில் கிரேன் 16,000, படகைக் கரையில் நிறுத்திவைக்க எட்டு நாள் தளவாடகை 4,000, பெயிண்ட் 21,000, ஆள்கூலி 7,000. என்ஜினுக்கு 9,000. காப்பீடும் காகித வேலைகளும் 11,000. கயிறு, படகு கரையில் மோதாமல் பக்கவாட்டில் தொங்கவிடும் தாங்கு உருளை, ஆணி, திருகு போன்றவை 8,000. ஆக மொத்தம் 1,54,000. நீங்கள் எழுபதாயிரத்தோடு வந்தால் கட்டுத்துறைக்கும் காவலுக்குமே அது போதாது.

13 மே 2024

நேற்றைய கணக்கில் பெரிய பிழை இருக்கிறது. போக்குவரத்தை நான் சேர்க்கவே இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை, வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் குன்னூரிலிருந்து படகு நிற்கும் இடத்துக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். போய் வர எரிபொருள், சுங்கம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 4,500 ரூபாய் ஆகிறது. தங்குவது படகில் என்பதால் அறை வாடகை இல்லை. சென்ற ஆண்டு பதினான்கு முறை போயிருக்கிறேன். 63,000 ரூபாய். மொத்தம் 2,17,000 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கொச்சியில் குடியிருப்பவர் எழுதும் செலவுக் கணக்கில் இந்த வரியே இருக்காது. மலைக்காரர்களான நமக்கு இது கட்டுத்துறை வாடகையையே தாண்டுகிறது.

19 மே 2024

இரண்டு நாள்களாகப் பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு வகைச் செலவையும் விட்டிருக்கிறேன். இது ஆண்டுதோறும் கையைவிட்டுப் போகாததால் மறந்துபோகிறது. போகும் ஆண்டில் மொத்தமாகப் போகிறது. இரண்டு பாய்களும் புதிதாகத் தைக்க எனக்கு 1,40,000 ஆயிற்று. பத்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 14,000. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுக் கம்பிகளை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அவை அறுபதாயிரம் என்றால் ஆண்டுக்கு 5,000. கம்பி அறுந்தால் மரம் சாயும், மரம் சாய்ந்தால் கீழே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது மற்றவை. பேட்டரிக்கு ஆண்டுக்கு 3,000. பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜினை இரண்டு லட்சத்துக்கு வாங்கிப் பத்தாண்டு ஓட்டலாம் என்று வைத்தால் 20,000. இவற்றுக்கென ஒதுக்க வேண்டியது 42,000.

ஆக, 2,59,000. ஆறரை லட்சத்துப் படகுக்கு இது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு. முதல் நாள் நான் சொன்ன எண்ணை நம்பி எவரும் முன்பணம் கொடுத்துவிடவில்லை என்று நம்புகிறேன்.

2 ஜூன் 2024

மழைக்காலத்தில் பாய்களை வீட்டுக்கு எடுத்துவந்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்து வாருங்கள், ஆனால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். 2017 ஜூனில் உப்பும் ஈரமுமாக இருந்த பாய்களை மடித்துக் கொண்டுவந்து மாடியறையில் வைத்துவிட்டேன். குன்னூரில் ஆடி மாதத்துப் பனிமூட்டம் சன்னல் இடுக்கு வழியாகவே உள்ளே வந்து உட்காரும். தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. செப்டம்பரில் பிரித்தபோது வெள்ளைப் பாய் முழுவதும் கரும்புள்ளி. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், கழுவாத பாய் எத்தனை நாள் உலர்த்தினாலும் உலராது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிடுகிறேன். பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவரின் உதவியால், இலை வராத நாளில், கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டிகளின் மேல் பாயை விரித்து, சூடில்லாத வெறும் காற்றை மட்டும் ஆறு மணி நேரம் ஓடவிடுகிறேன். பச்சைக் கொழுந்தின் ஈரத்தை இழுப்பதற்கென்றே அமைந்த காற்று அது. தேயிலையில் உப்பு வாசம் ஏறக் கூடாது என்பதற்காகத் தொட்டியில் முதலில் சுத்தமான துணி விரித்துக்கொள்கிறோம்.

9 ஜூன் 2024

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். அந்தப் பாய்கள் பூஞ்சையால் கெட்டன என்று பல ஆண்டுகள் நானே நம்பியிருந்தேன். புதுப் பாய் தைத்தவர் பழையதை விரலால் கிழித்துக் காட்டினார். கரும்புள்ளி இருந்த இடம் கிழியவில்லை. வெயில் பட்ட மடிப்போரம்தான் காகிதம்போல் கிழிந்தது. பாலியெஸ்டர் துணியைப் பூஞ்சை அசிங்கப்படுத்தும், வெயில்தான் அழிக்கும். கட்டுத்துறையில் நிற்கும்போது பாயின் மேல் உறை போடாமல் இரண்டு ஆண்டுகள் விட்டேன். நாலாயிரம் ரூபாய் உறை இருந்திருந்தால் பாய் இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்திருக்கும்.

16 ஜூன் 2024

கட்டுத்துறையைப் பற்றி விரிவாகக் கேட்டதால் எழுதுகிறேன். படகு ஓடும்போது ஆகும் செலவு பெட்ரோல் மட்டும்தான், அது கணக்கில் ஒரு மூலையில் அடங்கிவிடும். நிற்கும்போதுதான் படகு பணத்தைத் தின்கிறது. கயிறு உரசுகிறது, அடியில் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) பிடிக்கிறது, மேலே வெயில் காய்கிறது, உள்ளே மழை இறங்குகிறது.

2022 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். காவல் பார்க்கும் பெரியவர் உடல்நலமின்றி ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். எனக்குத் தகவல் சொல்ல அவர் வீட்டாருக்குத் தோன்றவில்லை, அந்த நேரத்தில் அவர்களுக்கு அது தோன்ற வேண்டியதுமில்லை. கட்டுத்துறையின் மேல் சாய்ந்து நின்ற தென்னையிலிருந்து உதிர்ந்த பூக்கள், பின்தளத்தில் விழும் மழைநீர் வெளியேற வேண்டிய இரண்டு துளைகளையும் அடைத்துவிட்டன. நீர் தேங்கி அறைக்குள் இறங்கியது. அடிக்குழியில் இருக்கும் பம்பு தானாகவே ஓடத் தொடங்கி, மேகமூட்டத்தில் சூரியத் தகடு மின்சாரம் தராததால் இரண்டாம் நாளே பேட்டரியை முடித்துவிட்டு நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது படுக்கையின் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தது. மெத்தை, மின்கம்பி இணைப்புகள், பேட்டரி, அடுப்பு எல்லாம் போய், 38,000 ரூபாய் ஆயிற்று. ஒரு கைப்பிடித் தென்னம்பூ செய்த வேலை அது.

அந்தத் துளைகளின் மேல் இப்போது கொசுவலைத் துண்டைக் கூம்புபோல் செய்து மாட்டியிருக்கிறேன். அதைவிட முக்கியமாக, பெரியவர் வர முடியாத நாளில் பார்த்துக்கொள்ள அவருடைய மருமகனுக்கும் தனியாக ஒரு தொகை கொடுக்கிறேன்.

கயிறு வாங்க உல்லாசப் படகுப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போகாதீர்கள். கொச்சியில் மீன்பிடிச் சாமான் கடைகளில் கயிறு கிலோக் கணக்கில் கிடைக்கும். விலை பாதிகூட வராது.

17 ஜூன் 2024

கயிற்றைப் பற்றி அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். அந்தக் கடைகளில் முதலில் கண்ணில் படும் நீலக் கயிறும் பச்சைக் கயிறும் பாலிப்ரொப்பிலீன். அது தண்ணீரில் மிதக்கும், விலை குறைவு, ஆனால் வெயிலில் ஓரிரண்டு ஆண்டில் தூள்தூளாக உதிரும். படகு கட்ட நைலானைக் கேட்டு வாங்குங்கள். அது இழுவைக்கு நீண்டு கொடுக்கும், அதனால் பக்கத்தில் வேகப்படகு போகும்போது எழும் அலையில் கட்டுமுளை வெடுக்கென்று பிடுங்கப்படாது. தளத்தின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயை அரை முழம் வெட்டி மாட்டுங்கள். கயிறு எப்போதும் நடுவில் அறுவதில்லை, உரசும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் அறும்.

11 ஆகஸ்ட் 2024

காவலுக்கு மாதம் இரண்டாயிரம் அவசியமா, கேமரா ஒன்று பொருத்தினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு 2018 ஆகஸ்டு நினைவுக்கு வருகிறது.

அந்த மாதம் 9ஆம் தேதி, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகைத் திறந்தார்கள். 15ஆம் தேதி கொச்சி விமான நிலையமே தண்ணீரில் நின்றது. பெரியாறு தன் கிளைகளோடு கரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, எங்கள் படகு அந்தக் கிளைகளில் ஒன்றின் வாயில் கட்டப்பட்டிருந்தது. சாலைகள் மூழ்கியிருந்தன. நண்பரும் நானும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய இயலவில்லை, தொலைபேசியும் எடுக்கப்படவில்லை. படகு போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டோம்.

எட்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது படகு அதே இடத்தில் நின்றது. முதல் நாளிலேயே பெரியவர் மேல்நீரோட்டப் பக்கத்தில் இருந்த இரண்டு தென்னைகளுக்குக் கூடுதலாக இரண்டு வடங்களைக் கட்டி, தண்ணீர் ஏற ஏறப் பக்கத்துக் கயிறுகளைத் தளர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார். தளர்த்தாமல் இருந்தால் உயர்ந்த நீரில் படகு ஒரு பக்கமாக இழுபட்டுக் கவிழ்ந்திருக்கும். ஆகாயத்தாமரைத் திட்டுகள் வயலளவு பெரிதாக மிதந்துவந்து படகின் முன்பக்கமான அணியத்தில் மோதி அடைந்ததை மூங்கிலால் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறார். அந்த நாள்களில் அவருடைய சொந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர். குடும்பத்தைப் பள்ளிக்கூடத்து முகாமில் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அப்போது அவருக்கு நாங்கள் கொடுத்துவந்தது மாதம் 1,200 ரூபாய். எங்கள் நட்டம் இரண்டு தாங்கு உருளைகளும் வளைந்த ஒரு கைப்பிடிக் கம்பியும் மட்டுமே.

கேமரா நல்லதுதான். ஆனால் அது கயிற்றைத் தளர்த்தாது.

25 ஆகஸ்ட் 2024

கொடைக்கானல் நண்பர் ஒருவர், அவர்கள் ஊர் ஏரியில் மரப்படகுகள் பல்லாண்டு உழைப்பதாகவும், ஆண்டுக்கு ஒருமுறை வார்னிஷ் அடிப்பதோடு சரி என்றும், கடற்கரைச் செலவுகளை நான் பெரிதாக்குவதாகவும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது அவருடைய ஏரிக்கு உண்மை. 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ் ஓடையைத் தடுத்து உருவாக்கிய ஏரி அது; நல்ல தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். அதில் கொட்டலசும் இல்லை, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் இல்லை. உப்புநீரில் அந்தப் புழு பாதுகாப்பில்லாத பலகையை வெளியில் ஒரு சிறு துளை மட்டும் தெரியும்படி உள்ளே சல்லடையாக்கிவிடும். கேரளத்து வள்ளங்களுக்கு முந்திரி ஓட்டெண்ணெயையும் மீனெண்ணெயையும் தலைமுறை தலைமுறையாகப் பூசிவந்ததற்கு அந்தப் புழுவும் ஒரு காரணம்.

மலையிலேயே படகை வைத்துவிடலாமே என்று, முதல் கேள்வியைக் கேட்ட உதகைத் தம்பியும் கேட்டிருந்தார். பைக்காராவும் எமரால்டும் அவலாஞ்சியும் மின்வாரியத்தின் நீர்த்தேக்கங்கள். தனியார் ஒருவர் தம் படகைக் கொண்டுபோய்க் கட்டிவைக்கும் இடங்கள் அல்ல. தவிரவும், இரவு தங்கிப் பயணம் செய்யத்தானே அறை வைத்த படகு வாங்குகிறீர்கள்? அதற்குக் காயல்தான் வேண்டும்.

8 செப்டம்பர் 2024

என்ஜினைப் பற்றி எழுதாமல் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். இது என் தவறால் வந்த செலவு என்பதால் எழுதத் தயக்கமாக இருந்தது, ஆனால் மலைக்காரர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய தவறு என்பதால் எழுத வேண்டும்.

எட்டுக் குதிரைத்திறன் அவுட்போர்டு ஏறத்தாழ நாற்பது கிலோ. மழைக்காலத்தில் அதைக் கழற்றிக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஒரு முறை குன்னூரில் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி ஓட்டிப் பார்த்தபோது கரும்புகை வந்தது, சீராக ஓடவில்லை. எனக்குத் தெரிந்த இருசக்கர வாகன மெக்கானிக் கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம் வருகிறது என்று சொல்லி, பெட்ரோல் வரும் துளையைக் கொண்ட ஜெட் என்ற சிறு பாகத்தைக் கழற்றி, அதைவிடச் சிறிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்தினார். அதன்பின் கடிகாரம்போல் ஓடியது. அவர் செய்தது குன்னூருக்குச் சரி. 1,850 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, அதனால் கடல்மட்டத்துக்கென அமைத்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை மிகுதியாகத்தான் கொடுக்கும். அதே என்ஜினைக் கீழே கொண்டுபோய் மாட்டியபோது, அடர்த்தியான காற்றுக்கு அந்தச் சிறிய ஜெட்டின் பெட்ரோல் போதவில்லை. கலவை மெலிந்து, சூடேறி, துறைமுக வாயில் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பெரிய கப்பல்கள் வந்துபோகும் வழியில், நீரோட்டத்தில், என்ஜின் இல்லாமல் நாற்பது நிமிடம் பாயை மட்டும் நம்பி ஒதுங்கினோம். பிஸ்டனும் வளையங்களும் ஆள்கூலியும் 22,000 ரூபாய். மலையில் என்ஜினை ஓட்டிப் பாருங்கள், ஆனால் அளவைத் திருத்தாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் கவனிக்க வேண்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மிகுந்துவிட்டால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும், உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான். ஆகவே படகில் பெட்ரோலைத் தேக்கிவைப்பதில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். மீதிப் பெட்ரோல் காருக்குப் போகிறது.

22 செப்டம்பர் 2024

பெயிண்ட் செலவில் பாதியை வீணாக்கிய கதை இது. முதல் நான்கு ஆண்டுகள், மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று மே மாதத்தில் கரையேற்றினோம். அடிப்பாகப் பெயிண்டில் இருக்கும் செம்புச் சேர்மம் சிறிதுசிறிதாக நீரில் கரைந்துகொண்டே இருப்பதால்தான் கொட்டலசு அண்டுவதில்லை. அதாவது பூசிய நாளிலிருந்தே அது தீர்ந்துகொண்டிருக்கிறது. ஜூன் முதல் ஆற்றுவெள்ளம் வந்து எங்கள் பக்கத்துக் காயல் ஏறக்குறைய நல்ல தண்ணீராகிவிடும், கொட்டலசு அப்போது செத்துப்போகும். எதிரி இல்லாத மாதங்களில் மருந்தைச் செலவழித்துவிட்டு, உப்பு ஏறும் டிசம்பரில் வெறும் உடம்போடு படகை நிறுத்தியிருந்தோம். ஒருநாள் முன்பின் தெரியாத மீனவர் ஒருவர்தான், "மழைக்கு முன்னால் எதற்குப் பூசுகிறீர்கள்?" என்று கேட்டார். டிசம்பருக்கு மாற்றிய பிறகு அடுத்த கோடை முடியும்வரை அடி சுத்தமாக இருக்கிறது.

முன்பு கிடைத்த வெள்ளீயம் கலந்த பெயிண்ட் இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: அதைத் தேடாதீர்கள். சிப்பிகளையும் நத்தைகளையும் அது உருக்குலைத்ததால், 2008இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை அதைத் தடுத்துவிட்டது. அந்தக் காயலில் கக்கா என்னும் சிப்பியை அள்ளிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது படகைத் தரைதட்டவிட்டு, கிரேன் செலவில்லாமல் பெயிண்ட் அடிக்கிறார்களே, அடியில் இரட்டை ஏரா (நீளவாட்டில் நீட்டியிருக்கும் இரண்டு தகடுகள்) உள்ள உங்கள் படகும் தானாக நிற்குமே என்றும் ஒரு கேள்வி. நிற்கும். ஆனால் பிரிஸ்டல் கால்வாயில் நீர் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. கொச்சியில் ஒரு மீட்டரளவே. என் படகு மிதக்கவே இரண்டரை அடி ஆழம் வேண்டும். வற்றம் முழுதும் காத்திருந்தாலும் சேற்றில் முழங்காலளவு நின்றுகொண்டு பாதி அடியைத்தான் பார்க்கலாம்.

6 அக்டோபர் 2024

காப்பீட்டுக்கும் காகித வேலைகளுக்கும் 11,000 அதிகம் என்கிறார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, பொறி பொருத்திய படகுக்கு ஆய்வும் பதிவும் காப்பீடும் வேண்டும். 2023 மே 7ஆம் தேதி கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபத்திரண்டு பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஆய்வுக்கு வருபவர் உயிர்காப்பு உடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது. இந்தச் செலவில் குறைக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

17 நவம்பர் 2024

ஐப்பசி மழையில் ஆறு வாரமாகப் படகுப் பக்கம் போகவில்லை. நம் நிலை வினோதமானது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை படகு மழையில் நனைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாம் நனைகிறோம். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவை நேரில் பார்த்தவர்களுக்கு, மேட்டுப்பாளையத்துக்குப் பர்லியாறு வழியே இறங்குவதா, கோத்தகிரி சுற்றிப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்ற யோசனை ஒவ்வொரு ஐப்பசியிலும் வரும். இப்படி ஆண்டின் பாதியில் படகுக்கும் உரிமையாளருக்கும் நடுவில் ஏதோ ஒரு மழை நிற்கிறது.

கூட்டு உரிமையைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். கோத்தகிரி நண்பர் 2021இல் முழங்கால் வலியால் விலகிக்கொண்டார். அவர் பங்கின் பணத்தைக் கொடுத்துவிட்டேன், செலவு இரட்டிப்பாகும், தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது இரட்டிப்போடு நிற்கவில்லை. இருவருமாக ஆண்டுக்கு இருபத்துநான்கு முறை போய்க்கொண்டிருந்தோம். அவர் போகும்போது நான் கவனிக்காத தளர்ந்த திருகை இறுக்குவார், நான் போகும்போது அவர் விட்ட கதவைத் துடைத்து எண்ணெய் போடுவேன். பயணம் பதினான்காகக் குறைந்த பிறகுதான் தென்னம்பூ துளையை அடைத்தது. மே மாதத்தில் போக்குவரத்தைச் செலவு வரியில் எழுதினேன் அல்லவா, அது பராமரிப்பு வரியில் இருந்திருக்க வேண்டும். நான் போகாமல் மிச்சப்படுத்திய ஒவ்வொரு 4,500 ரூபாயும் வேறொரு பெயரில் என்னிடமிருந்து போயிருக்கிறது.

15 டிசம்பர் 2024

உதகைத் தம்பி வந்திருந்தார். முதல் நாள் அவருடைய ஏழு லட்சத்துப் படகைப் போய்ப் பார்த்தோம். சுத்தியலின் மரப்பிடியால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினோம். நன்றாக இருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும். பாய்மரத்தின் காலைச் சுற்றிலும் ஈர மண்ணைத் தட்டியதுபோல் பொத்துபொத்தென்றது. இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவிலிருக்கும் மரச்சட்டம் தண்ணீர் குடித்து ஊறிப்போயிருக்கிறது. அதைத் திறந்து மாற்ற வேண்டுமானால் படகின் விலையில் பாதி ஆகும். அவர் வாங்கவில்லை.

அடுத்த ஐந்து நாள்கள் என் படகைக் கரையேற்றி வேலை செய்தோம். கிரேன் கூலி 18,000 ஆக ஏறிவிட்டது. இருவரும் சேர்ந்து சுரண்டியதால் வேலை ஐந்து நாளில் முடிந்து தளவாடகை 2,500 மட்டுமே, ஆள்கூலி 3,500. பெயிண்ட் வழக்கம்போல் 21,000. மொத்தம் 45,000. என்ஜின் உலோகம் அரிக்காமல் தான் தேய்ந்து காப்பதற்காக என்ஜின் காலில் மாட்டியிருந்த துத்தநாகக் கட்டியின்மேல் வெள்ளை ஓடு படிந்து, தேயாமல் அப்படியே இருந்தது. தேயாத கட்டி நல்ல செய்தி என்று அவர் நினைத்தார். அது தேயவில்லை என்றால் அதற்குப் பதிலாக என்ஜின் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மழைக்கால நல்ல தண்ணீரில் துத்தநாகம் இப்படித்தான் உறங்கிவிடும். உவர்நீருக்கு அலுமினியக் கட்டிதான் ஏற்றது. இதை எட்டு ஆண்டுகளாக நான் கவனிக்கவில்லை, மாற்றிவிட்டோம்.

22 டிசம்பர் 2024

காலியாக இருக்கும் பாதிப் பங்கைத் தனக்குத் தர முடியுமா என்று தம்பி தொலைபேசியில் கேட்டார். முதலில் ஆறு முறை என்னுடன் வரச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் இரண்டு ஜூலையில் இருக்க வேண்டும்: பாய் விரிக்க முடியாத மழையில், பின்தளத்துத் துளைகளைச் சுத்தம் செய்து, அடிக்குழித் தண்ணீரை இறைத்து, கயிறுகளின் உரசலைப் பார்த்துவிட்டு, அன்றிரவே மலையேறித் திரும்பும் பயணங்கள். அதன்பிறகு பணத்தைப் பேசலாம். முதல் பயணம் ஜனவரி 11, சனிக்கிழமை. விடியற்காலை நான்கு மணிக்குக் குன்னூர் பேருந்து நிலையத்தில் காத்திருப்பேன். கழுவிய பாய்கள் காரில் இருக்கும் என்பதால் கைப்பை ஒன்றுக்கு மேல் கொண்டுவர வேண்டாம்.